எனக்குச் சர்க்கரை இல்லை, ஆனாலும் இந்தக் கடைச் சப்பாத்துதான் போடுகிறேன்

நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடையைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள், புண் ஆறியது, விரல் தப்பியது என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள், அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்குச் சர்க்கரை இல்லை. இந்த ஒரு வரியை மூன்று வருடமாக மருந்துக்கடையில், கல்யாண வீட்டில், ஆசிரியர் அறையில், கோயில் வாசலில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்விட்டது. வேறு காரணத்தால் கால் எரிகிறவர்கள், அதுவும் சின்ன வயதில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் யாராவது பினாங்கில் சப்பாத்து தேடி இந்தப் பக்கம் வந்தால் அவர்களுக்குத்தான் இது. நீளம் அதிகம். பிள்ளைகளிடம் சுருக்கி எழுதச் சொல்கிற டீச்சர்தான் நான், எனக்கு மட்டும் அது வராது.

கடை டத்தோ கெராமாட் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. பழைய கடைவீடு, ஐந்தடியில், அதாவது கடை முன்னால் இருக்கிற நடைபாதையில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றில் எப்போதும் பூனை. உள்ளே நுழைந்ததும் ரப்பர் பசை வாசம் அடிக்கும். முன்னால் கண்ணாடி அலமாரியில் கருப்பும் பழுப்புமாக அகலச் சப்பாத்துகள், அதற்கு மேலே நீரிழிவுக் கால்களுக்கு என்று மலாயிலும் சீனத்திலும் பெரிய பதாகை. பின்னால் பட்டறை. கடைக்கார அங்கிளுக்கு எழுபது தாண்டியிருக்கும், தைப்பது அவர். கால் அளவெடுப்பதும் சப்பாத்துக்கு உள்ளே போடுகிற இன்சோல் செய்வதும் அவர் மகள். இரண்டு பேரும் என்னிடம் மலாயில்தான் பேசுவார்கள், அங்கிளுக்குக் கோபம் வந்தால் ஹொக்கியன் சீனத்துக்குத் தாவிவிடுவார்.

நான் அங்கே போனதற்கு முன்கதை உண்டு. 1994-இல் எனக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். சுங்கை பட்டாணி பக்கம் தோட்டத்தில் இருந்தோம், அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பட்டர்வொர்த்தில் இரவு ரயில் ஏறி கோலாலம்பூருக்குப் போவார், விடிந்தால் ஊசி, மறுபடி ரயில். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. பிறகு ஒன்றும் இல்லை. படித்தேன், ஆசிரியர் பயிற்சி முடித்தேன், கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அந்த நோயைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள், பேசினால் திரும்பி வந்துவிடும் என்கிற மாதிரி. நானே பல சமயம் மறந்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எரிச்சல் தொடங்கியது. முதலில் ராத்திரியில் மட்டும். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற மாதிரி உள்ளங்கால் காந்தும், எழுந்து பார்த்தால் கால் குளிர்ந்துதான் இருக்கும். போர்வை பட்டாலே விரல் நுனியில் ஊசி குத்தும், அதனால் கால் மட்டும் போர்வைக்கு வெளியே. விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு வலிக்கிற அதே காலில் உணர்ச்சியும் குறைந்துபோயிருந்தது. ஒரு நாள் கரும்பலகையிலிருந்து வகுப்பின் கடைசி வரிசைவரை நடந்துவிட்டேன், முதல் வரிசையில் இருக்கிற பையன் ஒருத்தன், “டீச்சர், உங்க சிலிப்பர் இங்கே கெடக்கு” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை.

சரி, எல்லாரும் சொன்னது ஒன்றுதான், சர்க்கரை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்று வந்தது, அதிலும் இந்தியர்கள்தான் முதலிடம். நம் வீடுகளில் காலெரிச்சல் என்றால் யாரும் வேறு எதையும் யோசிக்கமாட்டார்கள். எனக்கு மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள், மூன்று முறையும் சர்க்கரை சரியாக இருந்தது. மூன்றாவது முறை ஒரு கிளினிக்கில், பார்டரில் இருக்கும், இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பார்டரிலும் இல்லை, தாள் என் கையில்தான் இருந்தது. அப்புறம் நின்று வேலை செய்கிறவர்களுக்கு அப்படித்தான் என்று நரம்பு வைட்டமின் கொடுத்தார்கள். அதையே நான் மருந்துக்கடையிலும் வாங்கிக் கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். அதில் இருக்கிற பி6 வைட்டமின் அளவுக்கு மீறிப் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

மாமியார் பாவம், நல்ல மனசோடு சுடுதண்ணீரில் உப்புப் போட்டு வைத்தார். காலை விட்டேன், சூடு இதமாகத்தான் இருந்தது. மறுநாள் குதிகாலில் ஐம்பது காசு அளவுக்குக் கொப்புளம். இப்போது தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்காமல் காலை விடுவதில்லை.

அதைவிட மோசம் தைப்பூசம். ரதம் போகிற வழியெல்லாம் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பது பினாங்கில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கூட்டிப் பெருக்க ஆள் இருந்தாலும் சில்லு எங்காவது கிடக்கத்தான் செய்யும். வெறுங்காலோடு ரதத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன், தண்ணீர்ப் பந்தலில் நின்றபோது என் மகள் குனிந்து பார்த்து, “அம்மா, ரத்தம்” என்றாள். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு சிரட்டைச் சில்லு நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு தூரம் அதோடு நடந்தேனோ, முருகனுக்குத்தான் தெரியும். அந்த வாரம்தான் சக ஆசிரியர் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார், அவருடைய அப்பா இங்கே வாங்குகிறவர்.

இனிதான் விமர்சனம்.

முதல் தடவை போனபோது மெத்தென்று ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அங்கிளின் மகள் வழக்கப்படி, “எத்தனை வருஷமா சர்க்கரை?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை, ஆனால் கேட்டு நச்சரிக்கவும் இல்லை. ஒரு நைலான் நூலை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, உள்ளங்காலில் பத்து இடத்தில் அழுத்தினார். பட்டால் சொல்லுங்கள் என்றார். நான் நான்கோ ஐந்தோ சொன்னேன், அவர் முகத்தைப் பார்த்தபோது பாதியைக் கோட்டைவிட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த நூல் பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது, அது வளைகிற அளவு அழுத்தியும் காலுக்குத் தெரியவில்லை என்றால் காயம் பட்டாலும் தெரியாது என்று விளக்கினார். அது எனக்கு ஏற்கெனவே தெரியும், தேங்காய்ச் சில்லு சொல்லிக்கொடுத்திருந்தது.

இதற்கு நடுவில் அங்கிள் நான் கழற்றி வைத்த சப்பாத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகும் சாதாரணக் கருப்புச் சப்பாத்து. புரட்டி, அடிப்பக்கத்தைத் துடைத்து, கட்டைவிரலால் முன்நுனியைத் தடவினார். அந்த இடம் மட்டும் சிராய்த்து வெள்ளையாகியிருந்தது, குதிகால் பக்கம் புதுசு மாதிரி இருந்தது. எல்லாருக்கும் முதலில் குதிகால்தான் தேயும், உனக்கு நுனி தேய்கிறது, நடக்கும்போது பாதம் மேலே வருவதில்லை, நுனி தரையில் இழுபடுகிறது என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். “சின்ன வயசிலும் இப்படித்தானே?”

எனக்குச் சட்டென்று பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் எப்போதும் முன்னால் ஓட்டை விழும். மாதம் ஒரு சப்பாத்து உனக்கு என்று அம்மா திட்டுவார். விளையாட்டுப் போட்டியில் நான் ஓடினால் கடைசி, ஓடாமல் கொடி பிடித்து நின்றால் பாராட்டு. நோஞ்சான் பிள்ளை, அதனால் அப்படி என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நோயைப் பற்றி அந்தக் கடையில் சொன்னேன். கடைக்காரர்களிடம் நான் அதைச் சொன்னதே இல்லை, என்னவோ வாய் திறந்துவிட்டது.

மகள் அளவெடுக்கும் தாளைச் சுருட்டி வைத்துவிட்டார். இன்றைக்கு உங்களுக்கு விற்கமாட்டேன், முதலில் நரம்பைப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள், நுனி இழுபடுகிற காலுக்கு வெறும் மெத்தை வைத்தால் இன்னும் தடுக்கும் என்றார். அறுநூறு எழுநூறு வெள்ளி (ரிங்கிட்) வியாபாரத்தைக் கையிலிருந்து விடுகிற கடையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று நட்சத்திரம் அப்போதே கொடுத்துவிட்டேன்.

டாக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறேன், முடிகிறதா பார்ப்போம். அரசாங்க ஊழியர் என்பதால் காசு பிரச்சினை இல்லை, நாள்தான். நான்கு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. அந்த டாக்டர் இளவயதுப் பெண், முதலில் செய்யச் சொன்னது குதிகாலால் நடப்பது. என்னால் இரண்டு அடி வைக்க முடியவில்லை, முன்பாதம் பொத்தென்று விழுந்தது. இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தார், அதிர்வு தெரியவில்லை, கணுக்காலில் லேசாக, முழங்காலில் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் நரம்பில் மின்சாரம் விட்டுப் பார்க்கிற சோதனை, சுண்டி சுண்டி இழுக்கும், தாங்கிக்கொள்ளலாம். வேகம் பரவாயில்லை, அலையின் உயரம்தான் குறைவு என்றார். அதாவது கம்பியின் மேலுறை கெட்டால் வேகம் குறையும், கம்பிகளே எண்ணிக்கையில் குறைந்துபோனால் உயரம் குறையும். எனக்குக் கம்பி குறைவு. பி12, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. சர்க்கரையும் நான்காவது முறையாகப் பார்த்தார்கள், அதுவும் சரிதான்!

எந்த மருந்து கொடுத்தார்கள், எவ்வளவு என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், ஆறு வயது. பழைய கோப்பைத் தேடியதில் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஜாதகம், பிறப்புப் பத்திரம் எல்லாம் வைத்திருக்கிற பிஸ்கட் டின்னைத் திறந்து, 555 குறிப்புப் புத்தகம் நான்கை எடுத்து வந்து வைத்தார். தோட்டத்து மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே சின்னப் புத்தகம். அம்மா ஆறாம் வகுப்புவரை படித்தவர். மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லச் சொல்லக் காதில் விழுந்த மாதிரித் தமிழில் எழுதியிருக்கிறார். “14.3.94. விங்கிரிஸ்டின் ஊசி. இட்லி ஒன்று. வாந்தி இல்லை.” அடுத்த வாரம், “விங்கிரிஸ்டின். தாடை வலி என்று அழுதாள்.” அடுத்தது, “மூணு நாளாக வெளிக்குப் போகவில்லை. படி ஏறமாட்டேன் என்கிறாள்.” இன்னும் சில பக்கம் தள்ளி, “சிலிப்பர் கழண்டு கழண்டு விழுது. புதுசு வாங்கணும்.”

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் புத்தகத்தைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். வின்கிறிஸ்டின் என்று அவர் உடனே பிடித்துவிட்டார். அமெரிக்காவின் சில்ட்ரன்ஸ் ஆன்காலஜி குரூப் வெளியிட்டிருக்கிற நீண்டகாலக் கண்காணிப்பு வழிகாட்டியைத் திரையில் திறந்தார், 2023-இல் வந்த ஆறாவது பதிப்பு, இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எந்தக் குழந்தைக்கு எந்த மருந்து போயிருந்தால் பிற்காலத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். வின்கிறிஸ்டின் வாங்கியவர்களுக்கு நரம்பு என்று அதில் இருக்கிறது. நான் கேட்டேன், இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கழித்தா வரும்? அவர் சுற்றி வளைக்கவில்லை. இந்த மருந்தின் சேதம் அத்தனை காலம் கழித்துப் புதிதாக முளைப்பது வழக்கமில்லை, மருந்து ஓடும்போதே வந்துவிடும், பலருக்குச் சரியாகும், சிலருக்குப் பாதி தங்கிவிடும் என்றார். உங்கள் அம்மா எழுதி வைத்திருக்கிறாரே, வந்தது அப்போதேதான், மீதமிருந்த நரம்புகள் இழுத்துப் பிடித்து ஓட்டின, வயது, இரண்டு பிரசவம், எடை, நாள் முழுக்க நிற்பது எல்லாம் சேர்ந்தபோது கையிருப்பு தீர்ந்து வெளியே தெரிகிறது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். சிஸ்பிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள் வேறு ரகம், நிறுத்திய பிறகும் சில மாதம் மோசமாகிக்கொண்டே போகும். கதிர்வீச்சு என்றால் பல வருடம் கழித்துக்கூட நரம்புக்கொத்தைத் தாக்கலாம். எனக்கு அந்த இரண்டும் கொடுக்கவில்லை என்று அம்மாவின் புத்தகமே சாட்சி.

அது ஏன் காலில் தொடங்குகிறது என்று டாக்டர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது, வகுப்பில்கூடச் சொல்லலாம். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை ஒரே நரம்பிழை, ஒரு மீட்டர் நீளம். அதற்குள் சாமான் ஏற்றிப்போகத் தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள் உண்டு. புற்றுச் செல் இரண்டாகப் பிரியவும் அதே நுண்குழாய்கள்தான் வேண்டும், அதனால் வின்கிறிஸ்டின் அவற்றைக் கட்டவிடாமல் செய்து செல்லைக் கொல்கிறது. கூடவே நரம்பின் தண்டவாளமும் போகிறது. தண்டவாளம் போனால் கடைசி ஸ்டேஷனுக்குத்தான் முதலில் சாமான் வராது. கடைசி ஸ்டேஷன் கால்விரல்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அந்த மருந்து வருவது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் ஆட்கள் சுடுகாட்டு மல்லி என்று வீட்டில் வைக்கமாட்டார்களே, அதேதான். ஜமைக்காவில் சர்க்கரைக்குக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள் என்று 1950-களில் கனடாவில் நோபிள், பியர் என்ற இரண்டு பேர் அந்த இலையை எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் இறங்கின. அப்படித்தான் ரத்தப் புற்றுக்கு மருந்தானது, வின்கிறிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சர்க்கரைக்குத் தேடிப் போய்ப் புற்றுநோயில் முட்டிக்கொண்ட செடி. என் காலைப் பார்க்கிறவர்கள் அதற்கு நேர் எதிராகப் போகிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருடமாக வாசலில் முளைத்தால் பிடுங்கிப் போடுகிறவர், இப்போது ஒன்றை விட்டுவைத்திருக்கிறார், தண்ணீர் மட்டும் ஊற்றமாட்டார்.

வலிக்கு மாத்திரை. முதலில் காபாபென்டின், அதைப் போட்டால் மூன்றாவது பாடவேளையில் எனக்குக் கண் சொக்கியது. இப்போது டுலாக்செடின். புற்றுநோய் மருந்தால் வரும் நரம்பு வலிக்குச் சோதனையில் நிரூபித்துக் காட்டியது அது ஒன்றுதான், அதுவும் 2013-இல் வந்த அந்தச் சோதனையில் இருந்தவர்கள் வேறு மருந்துகள் வாங்கிய பெரியவர்கள், பத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளிதான் இறங்கியது என்று டாக்டரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். எனக்கும் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு புள்ளியில் நான் தூங்குகிறேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மறுபடி கடைக்குப் போனேன். மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள், காலையில் கால் சிறிதாக இருக்கும், சாயங்காலம் வீங்கின காலுக்கு அளவெடுத்தால்தான் சப்பாத்து நாள் முழுக்கத் தாங்கும். பழுப்புத் தாளில் நிற்க வைத்து, பென்சிலை நட்டுக்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்தார். பிறகு பூக்கடையில் பூ குத்தி வைக்கிற பச்சை நுரைக்கட்டி இருக்கிறதல்லவா, அது மாதிரி ஒரு பெட்டி நிறைய நுரை, அதில் மெல்ல மிதிக்க வேண்டும், கால் அப்படியே பதிந்துவிடும். அந்தப் பள்ளத்தைப் பார்த்து இன்சோல் செய்கிறார்கள். அங்கிள் மறுபடி என் பழைய சப்பாத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வந்த சப்பாத்து இப்படி இருக்கிறது. உள்ளே கையை விட்டுத் துழாவினால் ஒரு தையல்கூடத் தட்டுப்படாது. முன்பக்கம் அகலம், விரல்கள் ஒன்றை ஒன்று மிதிக்காது, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம். குதிகாலைப் பிடிக்கிற பின்சுவர் நல்ல கெட்டி, அதனால் கால் உள்ளே வழுக்காது. எல்லாவற்றையும்விட, அடிப்பாகம் நுனியில் படகு மாதிரி லேசாக மேலே வளைந்திருக்கிறது, இழுபடுகிற நுனி தரையில் கொக்கி போடாமல் உருண்டு போகிறது. இது பதாகை போட்ட சர்க்கரைச் சப்பாத்தில் இல்லை, அங்கிள் எனக்காகத் தனியாக வைத்துக் கொடுத்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள், கழற்றியதும் காலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், போடுவதற்கு முன் தினமும் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை என் மகனுடைய லெகோத் துண்டு கிடைத்தது. போட்டு நடந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

பள்ளிக்கூடத்தில் மாடிப்படியில் இப்போது தடுக்குவதில்லை. முன்பு வாரத்துக்கு இரண்டு தடவையாவது கைப்பிடியைப் பாய்ந்து பிடிப்பேன். பகல் வலி ஏழிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது. ராத்திரி எரிச்சலுக்கும் சப்பாத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது அப்படியேதான் இருக்கிறது, அதற்காக யாரும் இந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

விலை சப்பாத்து 420 வெள்ளி, இன்சோல் 260. வலிக்கத்தான் செய்கிறது. இன்சோலை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும் என்றார்கள், அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஐந்தாவது நட்சத்திரம் போன கதைக்கு வருகிறேன். மூன்று வாரம் என்று சொல்லி ஏழு வாரம் இழுத்தடித்தார்கள், போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில் போனால் அங்கிள் பூனையைக் காட்டி அதுதான் தூங்கவிடவில்லை என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். முதலில் செய்த இன்சோல் கல் மாதிரி இருந்தது, அரை நாளில் கழற்றிவிட்டேன், காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்கும் இரண்டு வாரம். அப்புறம் கடை முழுக்க ஒரே கூடம், மறைப்பு இல்லை, வருகிற எல்லாரிடமும் சர்க்கரை எவ்வளவு, புண் இருக்கிறதா, விரல் எடுத்தாச்சா என்று எல்லார் முன்னாலும் உரக்கக் கேட்கிறார்கள். என் கதையையும் அப்படித்தான் நான்கு பேர் கேட்டார்கள். ஒரு ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார், நான் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. ஒரு திரைச்சீலை போட எவ்வளவு ஆகும்?

அழகைப் பற்றிக் கேட்காதீர்கள். சேலைக்கு அடியில் அது தெரிந்தால் இரண்டு தோணி கரை ஒதுங்கிய மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர், “போலீஸ்ல சேர்ந்துட்டியா?” என்றார். பழுப்பில் கொஞ்சம் பரவாயில்லை.

கோயிலுக்கு இதனால் உபயோகமில்லை என்பது கடையின் தப்பில்லை. இந்த வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறவில்லை, விடியற்காலையில் கீழே நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன், கெட்டியான பருத்திக் காலுறையோடு. பூசாரி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மட்டும் காலுறையைப் பார்த்துவிட்டு, “சர்க்கரையாம்மா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், அந்தக் கூட்டத்தில் 1994-இலிருந்து யார் ஆரம்பிப்பது.

போகிறவர்களுக்கு: சந்துக்குள் கார் நிறுத்த இடமில்லை, கிராப் வாடகைக் காரில் போங்கள். வாசலில் ஒரு உயரப் படி இருக்கிறது, காலைத் தூக்கி வையுங்கள். மருந்துச் சீட்டு, கடிதம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள், அம்மா எழுதி வைத்த புத்தகம் இருந்தால் அதையும். உங்களிடம் இருப்பதிலேயே பழைய சப்பாத்தைக் கொண்டுபோங்கள், கழுவ வேண்டாம், அங்கிளுக்கு அடிப்பக்கம்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.